புதுப்பிப்பு: பெயர் கேட்காமல் கேட்டுப் பார்த்தோம்
போன மாதம் புலம்பியிருந்தேனே, எங்கள் கோவை பட்டறையில் 40 பேரிடம் "இங்கே வேலைக்குச் சேரச் சொல்லி நண்பரிடம் சொல்வீர்களா, 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள்" என்று கேட்டதில் எல்லோரும் ஒன்பதுக்குக் குறையாமல் போட்டார்கள் என்று. நீங்கள் சொன்னதுதான் சரி, படிவத்தில் ஊழியர் எண் கேட்டால் யார் உண்மையை எழுதுவார்கள்!

இந்த முறை பெயர், எண் எதுவும் இல்லாமல் பெட்டியில் போடச் சொன்னோம். 9, 10 போட்டவர்கள் 10 பேர், 0 முதல் 6 வரை போட்டவர்கள் 18 பேர். நண்பரிடம் நிச்சயம் சொல்வோரின் சதவீதத்தில் சொல்லமாட்டோரின் சதவீதத்தைக் கழிப்பதுதான் இந்தக் கேள்விக்கான கணக்கு; 25 சதவீதத்தில் 45-ஐக் கழித்தால் மைனஸ் 20. முதலாளி முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ கீழே "ஏன்?" என்று விட்டிருந்த இரண்டு வரிதான் பெரிதாகப் பட்டது: சம்பளத்தைவிட அதிகம் பேர் எழுதியது, ஷிஃப்ட் அட்டவணை முந்தின ராத்திரிதான் தெரிகிறது என்பதை. வேலை திருப்தியை ஆராய்ந்த உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொன்ன மாதிரி, இதைச் சரிசெய்தால் அதிருப்தி குறையும், அதற்காக வேலை பிடித்துவிடாது. சரி, இப்போதைக்கு அட்டவணையை ஒரு வாரம் முன்பே ஒட்டுகிறோம்.