எங்கட ஒழுங்கை அரட்டைக் குழு, கல்லடி: கடைப் பேரில ஈமெயில்

சுகந்தி அக்கா: பாசிக்குடாவில ஒரு ஹோட்டலுக்கு மருதமுனைக் கைத்தறி மேசைவிரிப்பு 60 துண்டுக்கு விலை அனுப்பணும். ஜிமெயில்ல இருந்து வாற கொட்டேஷன எடுக்க மாட்டாங்களாம், கடை டொமைன்ல (சைட்டுக்கு உள்ள சொந்த இணையப் பேர்) இருந்து வரணுமாம். வெப்சைட் ஏற்கனவே இரிக்கு. மாசம் மாசம் காசு கட்டாம செய்யேலுமா?

தயா அண்ணா: ஏலும். டொமைன் ஆர்ட பேரில இரிக்கு?

சுகந்தி அக்கா: சைட் செஞ்ச தம்பிதான் எடுத்துத் தந்தவர். ஆர்ட பேரெண்டு பார்க்கல்ல.

தயா அண்ணா: அப்ப அதுதான் முதல் வேலை கா. டொமைன் வாங்கின இடத்து லொகின கேட்டு வாங்குங்க, பதிவுல உங்கட பேரப் போடுங்க. கொம், நெட் எண்டு முடியிற டொமைன்ல பேரையோ ஈமெயிலையோ மாத்தினா சரிபார்க்கச் சொல்லி ஒரு மெயில் வரும். 15 நாளுக்குள்ள அந்த லிங்க அமத்தாட்டி டொமைன நிப்பாட்டிருவாங்க, சைட்டும் சேர்ந்து விழும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்க, அது அங்கதான் போய்க் கிடக்கும்.

தயா அண்ணா: இன்னொண்டு. அந்த லொகினுக்கு உங்கட பழைய ஜிமெயிலக் குடுங்க, புதுசா எடுக்கப்போற கடை ஈமெயிலக் குடுக்காதீங்க. டொமைன் காலம் முடிஞ்சா கடை மெயிலும் நிண்டிரும். மறுகா ரினியூ பண்ணச் சொல்லி வாற கடிதமும் வராது, பாஸ்வேட் மாத்துற லிங்கும் வராது. சாவிய உள்ள வச்சுப் பூட்டின கதை.

பிரதீபன்: அண்ணா, சைட்ட வச்சிருக்கிற ஹோஸ்டிங்கோட வாற சீபனல்ல (அத நடத்துற பக்கம்) மெயில் பெட்டி சும்மா வருமே? அதப் பாவிச்சா என்ன?

தயா அண்ணா: வரும். ஆனா மலிவு ஹோஸ்டிங்ல ஒரே ஐபிக்குள்ள (சேர்வர்ட இணைய இலக்கம்) எத்தினையோ பேர்ட சைட் கிடக்கு. அதில ஒராள்ட சைட்ட ஹக் பண்ணி ஸ்பாம் அனுப்பினா அந்த ஐபிக்கே கெட்ட பேர். உங்கட கொட்டேஷனும் ஹோட்டல்காரர்ட ஸ்பாம்ல விழும்.

ஜெனி: கிளவுட்பிளெயார் ஈமெயில் ரவுட்டிங் (வாற மெயில வேற பெட்டிக்குத் திருப்புற வசதி) போடலாமே. சும்மா. கடைப் பேருக்கு வாறதெல்லாம் அக்காட ஜிமெயிலுக்கே வரும், புது அப் ஒண்டும் பழகத் தேவல்ல.

தயா அண்ணா: வாறதுக்கு நல்லம் ஜெனி. அனுப்புறதுக்கு அதில வழி இல்லயே.

ஜெனி: ஜிமெயில் செட்டிங்ல "இந்த முகவரியில இருந்து அனுப்பு" எண்டு சேர்க்கலாம். ரெண்டு கட்டச் சரிபார்ப்பப் போட்டு, அப் பாஸ்வேட் எடுத்து, ஜிமெயில்ட எஸ்எம்டிபி (மெயில் அனுப்புற சேர்வர்), போர்ட் 587.

தயா அண்ணா: போகும். ஆனா மெயில் உண்மையா எண்டு காட்டுற டிகிம் கையெழுத்து விழுறது ஜிமெயில் பேரில, கடை டொமைன் பேரில இல்ல. எந்த சேர்வருக்கு அனுப்ப அனுமதி எண்டு சொல்லுற எஸ்பிஎஃப் பார்க்கிறதும் ஜிமெயிலத்தான். அதால டிமார்க் (இந்த ரெண்டில ஒண்டாவது அனுப்புற பேரோட பொருந்துதா எண்டு பார்க்கிற விதி) பொருந்தாது. விசாரணைக்கு ஒரு முகவரி வச்சா இது காணும். விலை எழுதி அனுப்புற கடைக்கு நான் சொல்ல மாட்டன்.

ஜெனி: ம். அது சரி.

தயா அண்ணா: அக்காக்கு நல்லம் சோஹோ மெயில், சொந்த டொமைன் பேரில மெயில் பெட்டி தாற சேவை. இலவசத் திட்டத்தில 5 பேர் வரைக்கும், ஆளுக்கு 5 ஜிபி, ஒரு டொமைன். பிரவுசர்லயும் அவங்கட அப்லயும் மட்டும்தான் பார்க்கலாம், அவுட்லுக்ல போடேலா. எல்லா நாட்டுக்கும் அந்தத் திட்டத்தக் காட்ட மாட்டாங்க, விலைப் பக்கத்துல கீழ கடைசில தேடுங்க. இல்லாட்டி மெயில் லைட், ஆளுக்கு மாசம் 1 டொலர், வருசத்துக்குச் சேர்த்து 12. கூகிள் வேர்க்ஸ்பேஸ் ஆளுக்கு மாசம் 7 டொலர் கிட்ட வரும். உங்களுக்கு அது தேவல்ல.

சுகந்தி அக்கா: கணக்குக்கு வேற, ஓடருக்கு வேற பேர் வேணும். அப்ப ரெண்டு பேருக்குக் காசா?

தயா அண்ணா: இல்ல கா. ஒரு பெட்டி எடுங்க, மத்தப் பேர அலியாஸ் (அதே பெட்டிக்கு வாற வேற முகவரி) ஆப் போடுங்க. அது ஆள்க் கணக்கில வராது. "எந்தப் பேருக்கு வந்தாலும் எடு" எண்ட கச்-ஓல் (catch-all) வசதிய மட்டும் திறக்காதீங்க, குப்பை எல்லாம் வந்து கொட்டும்.

பக்கத்து வீட்டு மாமி: குப்பை எண்டோன ஞாபகம் வந்திச்சு. டிரக்டர் இண்டைக்கா நாளைக்கா?

பிரதீபன்: நாளைக்கு மாமி 😄

தயா அண்ணா: சரி, டிஎன்எஸ். டொமைனுக்கு வாறது எங்க போகணும் எண்ட பட்டியல் அது. ஆக்கள் பிழை விடுறது இஞ்சதான். முதல்ல நேம்சேர்வர் (அந்தப் பட்டியல வச்சிருக்கிற சேர்வர்) எங்க காட்டுதெண்டு பாருங்க. டொமைன் ஒரு இடத்தில, ஹோஸ்டிங் இன்னொரு இடத்தில எண்டா, நேம்சேர்வர் காட்டுற இடத்திலதான் ரெக்கோட் (பட்டியல்ல ஒரு வரி) போடணும். மத்த இடத்தில எத்தினை தரம் போட்டாலும் ஒண்டும் நடக்காது. அக்காட சைட் சீபனல்ல எண்டா அங்க "ஸோன் எடிட்டர்".

தயா அண்ணா: சோஹோ சரிபார்க்கத் தாற டிஎக்ஸ்டி (எழுத்து வரி) ரெக்கோட முதல் போட்டு, சரி எண்டு வந்தோன பெட்டியத் திறங்க. மறுகா எம்எக்ஸ் (மெயில் எந்த சேர்வருக்கு வரணும் எண்டு சொல்லுற ரெக்கோட்) மூண்டு, முன்னுரிமை 10, 20, 50. பழைய எம்எக்ஸ அழிக்கணும். விட்டு வச்சா பாதி மெயில் பழைய பெட்டிக்குப் போகும், நீங்க வரல்ல எண்டு நினைப்பீங்க. வரிகள யூடியூப் பார்த்து அடிக்காதீங்க. சோஹோட இந்திய சேர்வர் வேற, அமெரிக்க சேர்வர் வேற, முகவரியும் வேற. உங்கட அட்மின் பக்கத்தில காட்டுறத அப்பிடியே கொப்பி பண்ணுங்க.

ஜெனி: சீபனல்ல "ஈமெயில் ரவுட்டிங்" எண்டு ஒண்டு இரிக்கு, அத "ரிமோட்" ஆக்கணும். லோக்கல்ல கிடந்தா சைட்டில உள்ள விசாரணைப் படிவம் அந்த ஹோஸ்டிங் பெட்டிக்குள்ளயே போட்டுக்கொண்டிருக்கும். வெளிய இருந்து மெயில் எல்லாம் வரும், படிவம் மட்டும் வராது. கனபேர் கண்டுபிடிக்காத பிழை இது.

தயா அண்ணா: அருமை. இத நான் மறந்திட்டன்.

தயா அண்ணா: எஸ்பிஎஃப் ஒரு டொமைனுக்கு ஒண்டுதான். சீபனல் ஏற்கனவே ஒண்டு போட்டிருக்கும். ரெண்டாவது போட்டா ரெண்டுமே பிழையாகும். பழைய வரிக்குள்ளயே, கடைசில உள்ள "ஆல்" (all) எண்ட சொல்லுக்கு முன்னால சோஹோ தாற "இன்குளூட்" துண்டச் செருகுங்க.

சுகந்தி அக்கா: செருகிட்டன். சோஹோ தந்த டிகிம் ரெக்கோடும் போட்டன், அது மட்டும் சரிபார்க்கல்ல எண்டு நிக்குது. ஒரு மணித்தியாலம் ஆச்சு.
[படம்]

ஜெனி: பெயர்க் கட்டத்தப் பாருங்க கா, கடை டொமைன் ரெண்டு தரம் வந்திரிக்கு. சில பனல் டொமைன தானாச் சேர்க்கும். "டொமைன்கீ" எண்டதோட நிப்பாட்டி, உங்கட டொமைன அழிச்சுச் சேவ் பண்ணுங்க.

சுகந்தி அக்கா: ஓம் வந்திச்சு! பச்சை.

தயா அண்ணா: டிமார்க்கும் ஒரு டிஎக்ஸ்டிதான். முதல்ல "நன்" (none, பொருந்தாட்டியும் ஒண்டும் செய்யாத) எண்டு வையுங்க, அறிக்கை வாற முகவரியும் குடுங்க. ரெண்டு மூண்டு கிழமை பார்த்து, உங்கட மெயில் எல்லாம் பொருந்துதெண்டா "குவாரன்டைன்" (பொருந்தாதத ஸ்பாம்ல போடு) ஆக்குங்க. மறுகா ஒரு மெயில் ஜிமெயிலுக்கு அனுப்பி, கொம்பியூட்டர்ல திறந்து, மூண்டு புள்ளிய அமத்தி "ஷோ ஒரிஜினல்" பாருங்க. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூண்டுக்கும் பாஸ் எண்டு நிக்கணும். போன் அப்ல அது காட்டாது.

சுகந்தி அக்கா: மூண்டும் பாஸ் 🙏 தம்பி, பேர டொட் இலங்கை எண்டு தமிழ்ல எடுத்தா வடிவாயிருக்குமே?

தயா அண்ணா: சைட்டுக்கு எடுங்க, வடிவுதான். ஈமெயிலுக்கு வேணாம் கா. தமிழ் எழுத்து முகவரிய இன்னும் கன மெயில் சேர்வர் ஏற்காது, ஹோட்டல்காரர்ட படிவமும் "பிழையான முகவரி" எண்டு திருப்பி அனுப்பும்.

பக்கத்து வீட்டு மாமி: டிரக்டர் எத்தினை மணிக்கு?