கிணற்று நீர் ஆய்வுக்கு மின்னஞ்சல் குழுவா, செய்திக்குழுவா?

கேள்வி: வேதியியல் ஆசிரியர், பென்னாகரம்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு எவ்வளவு இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக அளந்து வருகிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பின்னும் வயற்காட்டுக் கிணற்று நீரைக் குடிப்போர் இருப்பதால், இப்பணியை நிறுத்த மனம் வரவில்லை. விவாதமெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. அண்மையில் ஒரே நீருக்கு, சாயத்தின் நிறமாற்றத்தைக் கொண்டு அளக்கும் சாயமுறையில் ஒரு மதிப்பும், நீரில் அமிழ்த்தி அளக்கும் மின்முனையில் வேறொரு மதிப்பும் வந்தன. நீரில் அலுமினியம் இருந்தால் சாயமுறை பிழைபடும் என்று ஒருவர் சென்ற ஆண்டே விளக்கியிருந்தார். அந்தச் செய்தியை எவ்வளவு தேடியும் எடுக்க முடியவில்லை. மின்னஞ்சல் குழு தொடங்கலாமா, அல்லது அறிவியலாளர்கள் முன்பு பயன்படுத்திய, கணினிகள் வழியே எவரும் எழுதிப் படிக்கும் விவாதப் பலகையான யூஸ்நெட் செய்திக்குழுவைப் போல ஒன்றை அமைக்கலாமா?

மறுமொழி: கணினிப் பொறியாளர், ஓசூர்

ஐயா, மின்னஞ்சல் குழுவில் ஒவ்வொரு மடலும் உறுப்பினர் அனைவரின் பெட்டிக்கும் தனித்தனிப் படியாகப் போகிறது. செய்திக்குழுவிலோ, ஒருவர் எழுதியது, செய்திகளைச் சேமித்துத் தரும் கணினியான ஒரு வழங்கியிலிருந்து அடுத்ததற்குப் பரவி, ஒவ்வொன்றிலும் ஒரு படி மட்டும் தங்கும்; வேண்டியவர் அங்கே சென்று படிப்பார். 1979-இல் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் வகுத்த இந்த முறை, கணினி இணைப்புக்குப் பெருஞ்செலவான அக்காலத்தில் பெரிய சிக்கனமாக இருந்தது. ஆனால் பல வழங்கிகள் பழைய செய்திகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடும் என்பதால், உங்கள் குறை அங்கே தானாகத் தீராது. செய்திகளைப் பார்த்து அனுமதிக்கும் மட்டுறுத்துனர் இல்லாத குழுக்களில் விளம்பரக் குப்பையைத் தடுக்கவும் ஆளில்லை. 1994 ஏப்ரலில் அமெரிக்கக் குடியேற்ற அட்டை பற்றிய ஒரே விளம்பரம் ஆயிரக்கணக்கான குழுக்களில் வந்து விழுந்தது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குழுமங்கள் வழியாகவும் யூஸ்நெட்டில் எழுத இயலாது. இன்று புதிதாகச் செய்திக்குழு அமைத்தால், அதைப் படிக்கும் மென்பொருளையே உங்கள் ஆசிரியர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டியிருக்கும்.

மறுமொழி: கால்நடை மருத்துவர், கிருஷ்ணகிரி

தொற்றுநோய்த் துறையினர் 1994-இல் தொடங்கிய புரோமெட் மின்னஞ்சல் குழுவைப் பாருங்கள். சீனாவின் குவாங்சோவில் ஏதோ நோய் பரவுகிறதாமே என்ற வினா 2003 பிப்ரவரி 10 அன்று அதில் வெளியாயிற்று. பின்னர் சார்ஸ் என்று உலகம் அறிந்தது அந்நோயைத்தான். துறை அறிந்த மட்டுறுத்துனர்கள் முதலில் படித்துப் பார்த்து அனுப்புவதும், அனுப்பியது தேடிப் போகாதவரின் பெட்டிக்கும் வந்து சேர்வதும் அதன் வலிமை. பாடவேளைக்கு இடையில் மடல் பார்க்கும் ஆசிரியருக்கு அதுவே உதவும்.

மறுமொழி: ஓய்வுபெற்ற நூலகர், அரூர்

எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மூடிய மின்னஞ்சல் குழுவில் பத்தாண்டு விவாதம் நடந்தாலும் புதிதாக வருபவருக்கு அது கண்ணில் படாது. எவரும் சென்று படிக்கலாம் என்பதே செய்திக்குழுவின் சிறப்பு. உயிரியலாளர்கள் பயோசை அமைப்பில் ஒரே விவாதத்தை மின்னஞ்சல், செய்திக்குழு என இரு வழியிலும் கிடைக்கச் செய்தார்கள். நீங்களும் மடலில் பேசுங்கள். காப்பகத்தை மட்டும் அனைவருக்கும் திறந்து வையுங்கள். தலைப்பு வரியில் ஊர், அளந்த முறை, மாதம் மூன்றும் இருக்கட்டும். கிணற்று உரிமையாளர் பெயர் எங்கும் வரக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. திறந்த காப்பகத்துடன் மின்னஞ்சல் குழுவே தொடங்குகிறோம். கிணறுகளை எண்ணால் குறிப்போம். மட்டுறுத்த இருவர் வேண்டும், அவர்களுள் ஒருவராவது மின்முனையில் அளந்து பழகியவராக இருக்க வேண்டும். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் யாரேனும் முன்வருவீர்களா?