நோயை உண்டாக்குவது பாக்டீரியாவா, நம்ம எதிர்ப்பு சக்தியா?

நுண்ணோக்கி:
"பாக்டீரியா உள்ளே வருது, அவ்வளவுதான், சேதம் முழுக்க நம்ம எதிர்ப்பு சக்தி செய்யறது" என்று வெள்ளணு எழுதியிருக்கார். காலராவை எடுத்துக்கோங்க. அந்தக் கிருமி குடல் சுவரைத் துளைக்கிறதே இல்லை. மேலே ஒட்டிக்கிட்டு நஞ்சை விடுது. நஞ்சின் ஒரு துண்டு செல்லுக்குள் போய் ஜி புரதத்தை (செல்லுக்குள் சமிக்ஞை கொடுக்கிற சுவிட்ச்) அணைய விடாமல் பூட்டிடும். சைக்ளிக் ஏஎம்பிங்கிற சமிக்ஞை மூலக்கூறு எகிறும், குளோரைடு வெளியே கொட்டும், பின்னாலேயே தண்ணீர். தீவிர நோயில் மணிக்கு 1 லிட்டர் வரை போகும். இதில் எதிர்ப்பு சக்தி செஞ்ச சேதம் எது?

கல்ச்சர்தட்டு:
குளுக்கோஸோடு சோடியத்தை உள்ளே இழுக்கிற வழியை அந்த நஞ்சு தொடுறதில்லை. ஓஆர்எஸ் வேலை செய்யறதே அந்த வழியாத்தான். லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம், சிட்ரேட் தனி. இனிப்பு கூடட்டும்னு அள்ளிப் போட்டா கரைசல் அடர்த்தியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுத்து பேதியைக் கூட்டிடும்.

வெள்ளணு:
காலரா, டெட்டனஸ், பாட்டுலிசம் மூணும் உங்களுக்கே. நிமோகாக்கஸ் கிருமியால் வர்ற மெனிஞ்சைட்டிஸுக்கு (மூளை உறை அழற்சி) வாங்க. ஆன்டிபயாடிக் போட்டதும் கிருமி வெடிக்குது, செல் சுவர்த் துண்டுகள் சிதறுது, அழற்சி ஏறுது, மூளை வீங்குது. அதனாலதான் டெக்ஸாமெத்தசோன்ங்கிற அழற்சி குறைக்கிற ஸ்டீராய்டை ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்குச் சற்று முன்னாலயோ, கூடவேயோ கொடுக்கிறாங்க. கிருமியைக் கொன்னா போதும்னா ஸ்டீராய்டு எதுக்கு?

நுண்ணோக்கி:
வெடிக்கும்போது வெளியே வர்றது சுவர் மட்டுமா? நியூமோலைசினும் வருது. செல் சவ்விலே கொலஸ்ட்ராலைப் பிடிச்சு ஓட்டை போடுற நஞ்சு. அதுக்கு வெள்ளணு துணை தேவையில்லை (செல்லைச் சொன்னேன், உங்களை இல்லை).

வெள்ளணு:
சிரிச்சாச்சு. ஆனா கிராம் நெகட்டிவ்ங்கிற பாக்டீரியா வகையின் வெளிச்சவ்வில் இருக்கிற லிப்போபாலிசாக்கரைடு எந்தச் செல்லிலும் ஓட்டை போடுறதில்லை. நம்ம எதிர்ப்பு செல்களில் இருக்கிற டிஎல்ஆர்4 ஏற்பி அதைக் கண்டுபிடிச்சு அலறினாத்தான் டிஎன்எஃப்ங்கிற அழற்சிப் புரதம் கொட்டி ரத்த அழுத்தம் சரியும். அந்த ஏற்பி பழுதான சி3எச்/எச்இஜேங்கிற ஆய்வக எலிகளுக்கு, மத்த எலிகளைக் கொல்ற அளவு லிப்போபாலிசாக்கரைடை ஊசி போட்டாலும் பிழைச்சுக்கும்.

நுண்ணோக்கி:
பாதி சாட்சி. அதே எலிக்கு உயிருள்ள சால்மொனெல்லா டைஃபிமூரியம் பாக்டீரியாவைக் கொடுத்துப் பாருங்க. மத்த எலி தாங்குற எண்ணிக்கையிலேயே செத்துப்போகும். ஆரம்பத்துல கிருமி பெருகுறதைத் தடுக்க ஆளில்லை. இதை உங்க கணக்கில் எங்க வைப்பீங்க?