ஒரு இணுக்கு கறிவேப்பிலை முழுக்க ஒரே இலையா?

மாட்டுங்கா_அம்மா:
மகள் ஏழாவது படிக்கிறாள். பத்து இலைகளை ஒட்டி, பெயர் எழுதி, பாகங்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். கறிவேப்பிலையில் ஒன்றையும் முருங்கையில் ஒன்றையும் கிள்ளி ஒட்டி, காம்பு, நடு நரம்பு, நுனி என்று அழகாகத்தான் எழுதினாள். இரண்டின் மேலும் சிவப்பு மையில் ‘இது முழு இலை அல்ல’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இருபது வருஷமாக அதை இலை என்று நினைத்துத்தான் தாளித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு இணுக்கில் இருப்பது எல்லாம் சேர்த்து ஒரே இலை என்றால், எது இலை, எது கிளை என்று எதை வைத்துச் சொல்வது? வியாழக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

செம்பூர்_தாவரவியல்:
டீச்சர் சொன்னது சரி. நீங்கள் கிள்ளியது சிற்றிலை. நடுவில் ஓடும் குச்சியும் அதன் இருபக்கச் சிற்றிலைகளும் சேர்ந்து ஒரு கூட்டிலை. இதில் குழப்பம் வந்தால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று, மொட்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் ஒரு சின்ன மொட்டு இருக்கும், கோணமொட்டு என்பார்கள், பின்னால் கிளையாகவோ பூவாகவோ வளர்வது அதுதான். சிற்றிலையின் அடியில் அது இருக்காது. அதோடு கிளையின் நுனியில் வளரும் மொட்டு இருக்கும், கூட்டிலையின் நுனியில் வெறும் சிற்றிலைதான். கடையில் முறித்துக் கொடுத்த இணுக்கில் தேடாதீர்கள், மொட்டு செடியிலேயே நின்றிருக்கும். முருங்கை இன்னும் ஒரு படி மேலே: காம்பு பிரிந்து, பிரிந்தது மறுபடி பிரிந்து, அதில்தான் நாம் உருவும் சிற்றிலைகள்.

தாதர்_குமார்:
உதிர்வதை வைத்துச் சொல்லலாமே? முழுசாக விழுந்தால் இலை.

செம்பூர்_தாவரவியல்:
ஏமாற்றும் சார். கறிவேப்பிலை வாடினால் ஒவ்வொன்றாக உதிர்ந்து குச்சி மட்டும் நிற்பதை வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள்.

முலுண்ட்_மாமி:
இதற்கு ஏன் இத்தனை ஆச்சரியம் என்று தெரியவில்லை. அர்ச்சனையில் வில்வம் எண்ணும்போது மூன்று தளமும் சேர்ந்ததைத்தானே ஒன்று என்று எண்ணுகிறோம்? ஒரு தளம் உதிர்ந்திருந்தால் எடுத்து வைத்துவிடுவோம். அப்புறம், இதையும் குழந்தைக்குச் சொல்லுங்கள். தசராவுக்கு இங்கே மும்பையில் தங்கம் என்று சொல்லிக் கையில் கொடுக்கிறார்களே ஆப்டா இலை, அது நம் ஊர் ஆத்தி, சோழர்கள் மாலையாகச் சூடிய பூவின் மரம். பார்க்க இரண்டு இலை ஒட்டியது போலத் தெரியும், ஆனால் நுனியில் பிளவு பட்ட ஒரே தனி இலை. ஒட்டினால் கட்டாயம் மார்க் உண்டு.

தாதர்_குமார்:
அப்போ காற்றில் நார் நாராகக் கிழிந்த வாழை இலை?

செம்பூர்_தாவரவியல்:
தனி இலைதான். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் இணையாக ஓடுவதால் அவற்றுக்கு நடுவே சுலபமாகக் கிழிகிறது, அவ்வளவே. அரசிலையில் நரம்புகள் வலைபோலப் பின்னியிருப்பதால் அப்படிக் கிழியாது. அதைச் சில வாரம் தண்ணீரில் ஊறப் போட்டால் சதை அழுகி வலை மட்டும் மிஞ்சும், நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாழையில் மரம் என்று நாம் சொல்வதே ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய இலையடிகள். பட்டை உரிப்பது அதைத்தான். பொரியல் செய்கிற தண்டு அதற்கு உள்ளே இருப்பது.

மாட்டுங்கா_அம்மா:
மாடித் தொட்டியில் பார்த்தோம். குச்சி செடியோடு சேருகிற இடத்தில் கடுகு அளவுக்குப் பச்சையாக ஒன்று இருக்கிறது, சிற்றிலைகளின் அடியில் எதுவும் இல்லை! ஒரு இலையில் 17, இன்னொன்றில் 19. ஆனால் முருங்கை முழு இலை ஒன்றரை அடிக்கு மேல் வருகிறது, சார்ட்டில் அடங்கவில்லை. மடக்கலாமா?

செம்பூர்_தாவரவியல்:
நன்றாக மடக்கலாம், தாவர மாதிரிகளை அப்படித்தான் ஒட்டுவார்கள். காம்பின் அடி மட்டும் மறையக் கூடாது. இன்றைக்கே பழைய பேப்பருக்குள் வைத்து மேலே கனமாக எதையாவது ஏற்றுங்கள், பேப்பரைத் தினமும் மாற்றுங்கள். முருங்கை காயும்போது கொட்டும், அதனால் உதிர்ந்ததை ஒரு சின்னக் கவரில் போட்டுப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.