பழைய 14.4 வோல்ற்று கோட்லெஸ் ட்ரில்லுக்குப் பற்றரி: கொழும்பில் என்ன வழி?

மரவேலை கொழும்பு 13:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மகிட்டா 6281டி வகை கோட்லெஸ் ட்ரில் ஒன்று உள்ளது. மாமா டுபாயிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது கொண்டுவந்தது. மோட்டார், கியர், சக் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனால் அதன் இரண்டு நிக்கல்-காட்மியம் பற்றரிகளும் சார்ஜரிலிருந்து எடுத்து நாலைந்து திருகாணி ஏற்றியவுடன் சோர்ந்துவிடுகின்றன. பழைய சோனகத் தெருக் கடைகளில் கேட்டால், "இந்த மொடல் இப்போது வருவதில்லை, புதிய லிதியம் ட்ரில் ஒன்றை எடுங்கள்" என்கிறார்கள். அலுமாரி, பென்ட்ரி கபட் பொருத்தும் வேலைக்கு இது போதும் என்பதால் எறிய மனமில்லை. புதிய பற்றரி வாங்குவதா, உள்ளே இருக்கும் செல்களை மாற்றுவதா, லிதியத்துக்கு மாற்றுவதா என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

ஆமர் வீதி மின்வேலையாள்:
தம்பி, வாங்குவதற்கு முன் பழுது எங்கே என்று பாருங்கள். 14.4 வோல்ற்று நிக்கல்-காட்மியம் பற்றரி என்பது 1.2 வோல்ற்று செல்கள் 12 தொடராக இணைக்கப்பட்டது. முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் மல்டிமீற்றரில் ஏறத்தாழ 16 முதல் 17 வோல்ற்று காட்ட வேண்டும். வெறுமனே அளக்கும்போது சரியாகக் காட்டி, ட்ரில்லின் விசையை அழுத்தியவுடன் படுத்துவிட்டால் செல்களின் உள்தடை (மின்னோட்டத்துக்குச் செல்லே காட்டும் எதிர்ப்பு) கூடிவிட்டது என்று பொருள். ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று வோல்ற்று குறைவாகக் காட்டினால் ஒன்றிரண்டு செல்கள் முற்றாகச் செத்திருக்கும். மூடியின் திருகாணிகளைக் கழற்றி, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். கைபிடிக்குள் நுழையும் கழுத்துப் பகுதிக்குள்ளும் செல் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

வெள்ளவத்தை வாசகர்:
இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உறவினர் இருந்தால் இணையத்தில் வாங்கி, வரும்போது கொண்டுவரச் சொல்லலாமே. பற்றரியை மட்டும் தனியாக விமானத்தில் அனுப்புவதுதான் கடினம். தனி லிதியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் பயணி ஒருவர் தன் தேவைக்குரிய உதிரிப் பற்றரியை, 100 வாற்று-மணிக்கு உட்பட்டதாக இருந்தால், முனைகளை ஒட்டுநாடாவால் மூடிக் கைப்பையில் கொண்டுவரலாம். பெட்டியில் போட்டு ஏற்றக் கூடாது. 18 வோல்ற்று, 5 அம்பியர்-மணிப் பற்றரிகூட 90 வாற்று-மணிதான்.

மரவேலை கொழும்பு 13:
அண்ணா சொன்னபடி ஒரு பற்றரியைத் திறந்து பார்த்தேன். 9 செல்கள் 1.2 வோல்ற்றுக்கு அண்மையில் உள்ளன, ஒன்று 0.7, மற்ற இரண்டும் பூச்சியம். பூச்சியம் காட்டுகின்ற இரண்டின் நேர்முனை விளிம்பிலும் உப்புப் பூத்ததுபோல வெள்ளைத் தூள் படிந்து, அதைத் தொட்டிருந்த நிக்கல் பட்டி பச்சை நிறமாகிவிட்டது. பழுதான மூன்றை மட்டும் மாற்றினால் போதாதா? இலண்டனில் இருக்கும் சித்தியிடமும் கேட்கலாம், ஆனால் அங்கும் நிக்கல்-காட்மியம் கிடைப்பதாகத் தெரியவில்லை.

ஆமர் வீதி மின்வேலையாள்:
அங்கே கிடைக்காததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் மின்கலங்களில் காட்மியத்தைக் கட்டுப்படுத்தியபோது கோட்லெஸ் கருவிகளுக்கும் விலக்களித்திருந்தது. கருவிகளுக்கான அந்த விலக்கு 2016 டிசம்பர் 31 உடன் முடிந்தது. ஆகவே இன்று பொருத்தமான வடிவத்தில் விற்கப்படுபவை பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல் கொண்ட மாற்று நிறுவனத் தயாரிப்புகளே.

மூன்றை மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தொடரிணைப்பில் எல்லாச் செல்களிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால், கொள்ளளவு குறைந்த பழைய செல் முதலில் காலியாகும். மற்றவை தொடர்ந்து தள்ளும்போது அதன் முனைகள் எதிர்மாறாகி, அது நிரந்தரமாகக் கெட்டுவிடும். இன்று மூன்று, அடுத்த மாதம் இரண்டு என்று உங்கள் பணம் தவணையில் போகும். 12 ஐயும் ஒரே வகையில், ஒரே தொகுதியில் மாற்றுங்கள். வெள்ளைத் தூள் காரப் பொருளின் கசிவு. கண்ணில் படாமல், கையுறையுடன் துடையுங்கள்.

உங்களுக்கு வேண்டியது "சப்-சி" அளவுச் செல், ஏறத்தாழ 22 முதல் 23 மில்லிமீற்றர் விட்டமும் 42 முதல் 43 மில்லிமீற்றர் உயரமும் கொண்டது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் இலத்திரனியல் கடைகளில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "ட்ரில் பற்றரி" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். முனைகளில் ஏற்கெனவே பட்டி ஒட்டப்பட்ட செல்லாகக் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் செல்லின் உடலில் நேரடியாக ஈயப்பற்று வைத்தால் சூடு உள்ளே இறங்கி அதன் அடைப்பைக் கெடுத்துவிடும். ஸ்பொட் வெல்டிங் (பட்டியைச் செல்லில் மின்னால் புள்ளியாக ஒட்டுதல்) செய்து தருபவர் கிடைத்தால் மிக நல்லது. உறையில் 4500 அல்லது 5000 என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். நல்ல 3000 மில்லி அம்பியர்-மணி ஹைட்ரைட் செல் ஒன்று 50 கிராமுக்கு மேல் இருக்கும். கடைக்காரரின் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தெமட்டகொடை பொறியியல் மாணவர்:
லிதியத்தை ஏன் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை? நான்கு லிதியம் அயன் செல்கள் தொடரில் 14.4 வோல்ற்று, முழுச் சார்ஜில் 16.8. புதிய நிக்கல் பற்றரியின் உச்சமும் அதே அளவுதான். மோட்டாருக்கு வேறுபாடு தெரியாது, பாரமும் பாதியாகும்.

ஆமர் வீதி மின்வேலையாள்:
வோல்ற்றளவுக் கணக்கு சரி, தம்பி. மோட்டாருக்குத் தெரியாதது சார்ஜருக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். நிக்கல் சார்ஜர் நிலையான மின்னோட்டத்தைச் செலுத்தி, வோல்ற்றளவின் சிறு சரிவையோ வெப்ப உயர்வையோ பார்த்து நிறுத்துகிறது, லிதியத்தை 4.2 வோல்ற்றில் கட்டாயம் நிறுத்திப் பிடிக்க வேண்டும். பழைய சார்ஜரில் லிதியத்தைச் செருகினால் தீப்பிடிக்கக்கூடும், இதில் விளையாட்டே வேண்டாம். தனி 16.8 வோல்ற்று லிதியம் சார்ஜர், பாதுகாப்புச் சுற்றுப் பலகை, கருவிகளுக்கென்றே செய்த உயர் மின்னோட்டச் செல்கள் ஆகிய மூன்றும் வேண்டும். மடிகணினியிலிருந்து கழற்றிய 18650 என்ற அளவு லிதியம் செல்கள் ட்ரில் இறுகும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கா. பழைய ட்ரில்லில் குறைந்த வோல்ற்றளவில் துண்டிக்கும் ஏற்பாடும் கிடையாது. இத்தனையையும் முறையாகச் செய்யக்கூடியவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

வெள்ளவத்தை வாசகர்:
என்னிடம் உள்ள பழைய 18 வோல்ற்று டீவால்ட்டுக்கு அந்த நிறுவனமே டிசிஏ1820 என்ற இணைப்பானை வெளியிட்டது; புதிய லிதியம் பற்றரியை அதில் மாட்டிப் பாவிக்கலாம். மகிட்டாவுக்கு அப்படி இல்லையா?

ஆமர் வீதி மின்வேலையாள்:
18 வோல்ற்று லிதியத்தை 14.4 வோல்ற்று ட்ரில்லில் மாட்டும் மூன்றாந்தரப்பு இணைப்பான்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. முழுச் சார்ஜில் 21 வோல்ற்று வரை போகும் என்பதால் பழைய மோட்டாருக்கு அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

மரவேலை கொழும்பு 13:
அப்படியானால் ஹைட்ரைட் செல் 12 ஐயும் மாற்றுவதாக முடிவு செய்கிறேன். சார்ஜரின் அடியிலுள்ள ஒட்டுத்தாளில் காட்மியம், ஹைட்ரைட் இரண்டின் பெயரும் உள்ளன. உள்ளே ஒரு செல்லின் பக்கத்தில் மஞ்சள் நாடாவால் ஒட்டிய, இரண்டு மெல்லிய கம்பியுள்ள சிறு துண்டு ஒன்று இருக்கிறது. அதுவும் தேவையா?

ஆமர் வீதி மின்வேலையாள்:
கட்டாயம் தேவை, அது வெப்ப உணரி. புதிய செல்லின் உடலோடு ஒட்டியே இருக்கும்படி பழைய இடத்தில் வையுங்கள். காற்றில் தொங்கவிட்டால் சூடு ஏறுவதைச் சார்ஜர் அறியாமல் தொடர்ந்து ஏற்றும். ஒட்டுத்தாளில் ஹைட்ரைட் பெயர் இருப்பது நல்லது. காட்மியம் மட்டும் எழுதிய மலிவுச் சார்ஜராக இருந்திருந்தால் வேறு சார்ஜர் தேடச் சொல்லியிருப்பேன். வேலை முடிந்து சூடாக இருக்கும் பற்றரியை உடனே செருகாமல் ஆறவிடுங்கள். நம் கொழும்பு வெக்கையில் ஹைட்ரைட் சும்மா இருந்தும் சார்ஜை இழக்கும், ஆகவே வேலைக்கு முதல்நாள் இரவு ஏற்றிக்கொள்ளுங்கள். கழற்றிய காட்மியம் செல்களை மாநகர சபை குப்பை வண்டியில் போடாமல், முனைகளை ஒட்டுநாடாவால் மூடி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

பம்பலப்பிட்டி புதியவர்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 9.6 வோல்ற்று. இதே முறைதானா?

ஆமர் வீதி மின்வேலையாள்:
அதே முறைதான், 8 செல்கள். ஆனால் சில 9.6 வோல்ற்றுப் பற்றரிகளின் உறை திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்டிருக்கும். செல் வாங்குவதற்கு முன் அதைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.