தார் சைடு ஸ்டெப்புக்கு கிரிப்: டேப்பா, கோட்டிங்கா, தகடா?

மலைப்பாதை: என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு வெளியே வாங்கிப் போட்ட உருட்டுக் குழாய் சைடு ஸ்டெப், அதாவது கதவுக்குக் கீழே ஏற மிதிக்கிற படி. மேலே வெறும் பவுடர் கோட்டிங் (தூளாத் தூவிச் சுட்டுப் பதிக்கிற பெயின்ட்). சேற்றுக்காலோடு மிதித்தால் வழுக்குது. கிரிப் டேப் போதுமா?

நாலுக்குநாலு: போதும். ஆனா பிளாஸ்டிக் அடிப்பக்கம் உள்ள சாதா டேப் வேண்டாம், குழாய் வளைவில் ஓரம் தூக்கிடும். 3எம் சேஃப்டி வாக் 500 வரிசைக்கு அடியில் அலுமினியத் தாள் இருக்கு, வளைவோடு படியும். முதல்ல சோப்புத் தண்ணி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மூலைகளை நாணயம் வைத்து வட்டமா வெட்டுங்க. கூர்மூலைதான் முதல்ல உரியும். ரப்பர் ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, 24 மணி நேரம் தண்ணி படாம விடுங்க.

துருவேட்டை: அண்ணே, ஒட்டுற முறை சரி, இடம்தான் தப்பு. சைடு ஸ்டெப் முன் டயருக்கு நேர் பின்னாடி இருக்கு. தெறிக்கிற கல் பவுடர் கோட்டிங்கைக் கொத்தும், அந்தப் புள்ளி வழியா டேப்புக்கு அடியில் ஈரம் போகும். மேலே பார்த்தா புதுசு, உரிச்சா துரு. ராப்டர் பிராண்ட் மாதிரி, ரெண்டு பாகம் கலந்து பூசுற கெட்டியான பாலியூரித்தேன் கோட்டிங்தான் இதுக்குச் சரி. ரெண்டு பக்கத்துக்கும் ஒரு லிட்டர் கிட் தாராளம்: 750 மில்லி பெயின்ட், 250 மில்லி ஹார்டனர். பவுடர் கோட்டிங் கெட்டியா இருந்தா உரிக்க வேண்டாம், 180 உப்புத்தாள் போட்டு பளபளப்பை மட்டும் எடுங்க. இரும்பு தெரியுற இடத்துக்கு எபாக்ஸி பிரைமர். முதல் கோட் ஈரமா இருக்கும்போதே கிரிப் துகளைத் தூவி, ரெண்டாவது கோட்டால் பூட்டுங்க. மேல் கோட்டில் தூவினா செருப்போடவே போயிடும். ஹார்டனரில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருக்கு; துணி மாஸ்க் உதவாது, திறந்த வெளி, சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ரெண்டும் வேணும்.

நாலுக்குநாலு: வாட்டர் வாஷில் டயருக்கு அடிக்கிற சிலிகான் பாலிஷ் ஸ்டெப்பிலும் படிஞ்சிருக்கும். அதைத் துடைக்காம உப்புத்தாள் போட்டா சிலிகான் கீறலுக்குள்ள இறங்கிடும், கோட்டிங் மீன் கண் மாதிரி குழி விழும். பட்டறையில் பாதிப் பேர் இதைக் கவனிக்கிறதில்லை. அதோட டேப் கெட்டா அந்தத் துண்டை மட்டும் மாத்தலாம். கோட்டிங் கெட்டா?

துருவேட்டை: தேய்ஞ்ச இடத்தை உரசி மறுபடி ரோலரால் பூசலாம். சிலிகான் விஷயம் ஒத்துக்கிறேன். உப்புத்தாளுக்கு முன்னாடியும் பின்னாடியும் கிரீஸ் ரிமூவர் போட்டுத் துடைக்கணும்.

தகரடப்பா: ரெண்டு பேரும் சேற்றை மறந்துட்டீங்க. சொரசொரப்பு மழைத்தண்ணிக்குத்தான் வேலை செய்யும். கிரிப் துகள்களுக்கு நடுவுல களிமண் நிரம்பினா, 60 கிரிட் மாதிரி பெரிய துகளும் கண்ணாடிதான். சேறு கீழே விழ வழி வேணும். அதுக்குக் குழாய்க்கு மேலே, ஓட்டை விளிம்பு மேல்நோக்கித் தூக்கின தகடு. அதுக்கு அடியில் விரல் அளவு இடைவெளி. சாதா செக்கர் பிளேட் இல்லை, அதோட மேடு மழுங்கல், ஈரத்தில் அதுவும் சறுக்கும்.

துருவேட்டை: அலுமினியத் தகட்டை இரும்புல நேரா முடுக்கினா கடலோரக் காத்துல அலுமினியம் வெள்ளையாப் பொரிஞ்சு அரிக்கும். குழாயில் ஓட்டை போட்டா உள்ளே தண்ணி வேற.

தகரடப்பா: நடுவுல நைலான் ஸ்பேசர். எம்6 ரிவெட் நட்டுக்கு (குழாய்க்கு வெளியிலிருந்தே பொருத்துற, 6 மி.மீ. போல்ட்டுக்கான நட்டு) 9 மி.மீ. ஓட்டை, அறுபட்ட விளிம்பில் ஜிங்க் பிரைமர். குழாயின் அடியில் தாழ்வான இடத்துல வடிகால் ஓட்டை ஒண்ணு. வெல்டிங் கிட்ட மட்டும் துளைக்காதீங்க, அங்கேதான் விரிசல் விடும்.

நாலுக்குநாலு: வீட்டுல சேலை கட்டி ஏறுறவங்க, வெறுங்கால் குழந்தைங்க இருந்தா? அந்த விளிம்பு கொசுவத்தையும் கிழிக்கும், முழங்காலையும் கிழிக்கும்.

தகரடப்பா: அது நியாயம். பின்சீட்டுக்கு ஏற மிதிக்கிற இடத்துல மணல் துகள் இல்லாத ரப்பர் ரக டேப் ஒட்டிக்கலாம். டிரைவர் பக்கம் தகடுதான்.

மலைப்பாதை: பவுடர் கோட்டிங் ஒரு இடத்தில் நகத்தால் சுரண்டினாலே வருது. அப்படியே கோட்டிங் போடலாமா?

துருவேட்டை: கூடாது. அடியில் பிடிப்பு இல்லாட்டி மேலே போடுறது அதையும் சேர்த்துத்தான் உரிச்சுட்டு வரும். முழுசா இரும்பு வரைக்கும் எடுத்துட்டு, அன்னிக்கே பிரைமர் அடிங்க.