கண்டி – நுவரெலியா – வெல்லவாய: பல்சரும் டியோவும் சேர்ந்து போனால் பெற்றோல் எங்கே அடிப்பது?

கம்பளை_பைக்:
வணக்கம். கண்டியில் காலையில் கிளம்பி இறம்பொடை வழியாக நுவரெலியா, அங்கிருந்து ஹோட்டன் சமவெளி போய்த் திரும்பி, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகல இறங்கி வெல்லவாய. மொத்தம் 230 கி.மீ. அளவில் வரும். இரண்டு வண்டி: பல்சர் 150 மோட்டார் சைக்கிளில் ஒருவர், டியோ ஸ்கூட்டரில் இருவர். இரண்டுமே காப்பரேட்டர் (காற்றையும் பெற்றோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ளவை. டியோவின் டாங்கி 5.3 லீற்றர்தான். எங்கெங்கே நிரப்ப வேண்டும்? பெற்றோல் மீற்றர் முள்ளை நம்பலாமா? போத்தலில் கொஞ்சம் கையோடு கொண்டுபோகலாமா? ஒக்டேன் 95 பெற்றோல் அடித்தால் ஏற்றத்தில் நன்றாக இழுக்குமா?

ஊவா_ரைடர்:
பல்சரின் 15 லீற்றரை மறந்துவிடுங்கள். கூட்டமாகப் போகும்போது சின்ன டாங்கி எவ்வளவு தூரம் ஓடுமோ அதுதான் எல்லோருடைய தூரமும்.

அடுத்தது, தூரத்தோடு உயரத்தையும் எண்ணுங்கள். கண்டி சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். டியோவும் இரண்டு பேரும் சேர்த்து 240 கிலோ என்று வையுங்கள். அவ்வளவு எடையை அந்த 1,370 மீற்றர் தூக்குவதற்கு மட்டும் சுமார் 3.2 மெகாஜூல் வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாஜூல் இருந்தாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது ஐந்தில் ஒரு பங்கு. ஆக, ஏற்றத்துக்கு மட்டும் அரை லீற்றர். சமதரையில் லீற்றருக்கு 45 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு அந்த 77 கி.மீ. 1.7 லீற்றர், அரை லீற்றரையும் சேர்த்தால் 2.2. லீற்றருக்கு 35தான் வருகிறது. தலவாக்கலைப் பக்கம் இரண்டு பேரோடு டியோ ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள், அவர்களும் இந்த இலக்கத்துக்குக் கிட்டத்தான் சொல்வார்கள்.

கண்டியில் நிரப்பிப் போனால் நுவரெலியாவில் 3.1 மிஞ்சும். ஹோட்டன் சமவெளி போய்வர 60 கி.மீ., மேலே 2,100 மீற்றர் வரை ஏற வேண்டும், 1.7 போய்விடும். அப்போதும் 1.4 மிச்சம் என்று கணக்குச் சொல்லும். அதை நம்பிப் போகாதீர்கள். மூடுபனியில் முதல் கியர் வேகத்தில் ஊர்ந்தால், வாகன வரிசையில் நின்றால், எல்லாம் கூடும். நகரைத் தாண்டி மேலே போனபின் பெற்றோல் ஷெட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எனவே நுவரெலியாவுக்குள் நுழைந்ததும் நிரப்புங்கள், திரும்பி வந்த பிறகு அல்ல. அடுத்தது பண்டாரவளை. அங்கே பாதியளவு இருக்கும், ஆனாலும் மேலே ஊற்றிக்கொள்ளுங்கள். சின்ன ஊர் ஷெட்கள் இரவில் மூடிவிடும். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் பம்ப்பும் நிற்கும்.

மழைக்காலம் என்றால் இன்னொன்று. மண்சரிவால் இறம்பொடைப் பாதை மூடினால் கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை என்று சுற்ற வேண்டும். 30 கி.மீ.க்கு மேல் கூடும். கம்பளை தாண்டுமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

காப்_ட்யூனர்:
மேலே சொன்ன கணக்கில் காப்பரேட்டர் விட்டுப்போய்விட்டது. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 17 வீதம் குறைவு. காப்பரேட்டருக்கு அது தெரியாது, பெற்றோலைப் பெரிதாகக் குறைக்காது. கலவை 10 வீதம் அளவில் ரிச் ஆகும் (பெற்றோல் கூடும்), இழுவை குறையும், பிளக் கறுக்கும். ஒரு நாள் பயணத்துக்காக ஜெட்டை (காப்பரேட்டரில் பெற்றோல் வரும் சிறு துவாரம்) மாற்றாதீர்கள், வெல்லவாய இறங்கியதும் லீன் ஆகி (பெற்றோல் குறைந்து) என்ஜின் சூடேறும். எயார் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள், போதும். அழுக்கு ஃபில்டரும் மலைக்காற்றும் சேர்ந்தால்தான் கஷ்டம்.

முள்ளை நம்ப வேண்டாம். மிதவை டாங்கிக்குள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஏற்றத்தில் ஒன்று காட்டும், இறக்கத்தில் ஒன்று காட்டும். நிரப்பியதும் ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கி, டியோவுக்கு 110 கி.மீ. என்று எல்லை வையுங்கள்.

பல்சரின் பெற்றோல் டெப் ரிசேர்வில் (கடைசி மிச்சத்தையும் எடுக்கும் நிலை) கிடந்தால் எச்சரிக்கையே இல்லாமல் நின்றுவிடும்; நிரப்பியதும் ஓனுக்குத் திருப்புங்கள். முழு டாங்கியோடு அரை மணி ஓடி இருமி நிற்கிறதா? மூடியைத் திறங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது, பெற்றோல் தீரவில்லை. அதே மூடியைச் சுற்றியுள்ள மழைநீர் வடிகுழாயையும் ஊதிப் பாருங்கள். அது அடைத்தால் தண்ணீர் டாங்கிக்குள்தான் போகும், அடியில் தங்கும். ரிசேர்வுக்குத் திருப்பும் நேரத்தில் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

பசறை_ரோட்:
95 வீண் செலவு. பல்சர், டியோ இரண்டுக்கும் 92 தாராளம். உயரத்தில் சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு, அதனால் நொக்கிங் (என்ஜினுக்குள் தட்டும் சத்தம்) இன்னும் குறையும்.

தண்ணீர்ப் போத்தலில் பெற்றோல் வேண்டவே வேண்டாம். கொண்டுபோவதென்றால் பெற்றோலுக்கென்றே செய்த ஒரு லீற்றர் கேன், பல்சரில் கட்டுங்கள், சைலன்சர் பக்கம் இல்லாமல். பத்தில் ஒரு பங்கு வெற்றிடம் விடுங்கள். கீழே மூடிய கேனை மேலே திறந்தால் ஆவி சீறி வரும். முகத்தைத் தள்ளி வைத்து மெதுவாகத் திருகுங்கள்.

ஊவா_ரைடர்:
நிரப்புவதிலும் ஒரு விஷயம். வண்டியைச் சைட் ஸ்டாண்டில் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள், இல்லையென்றால் டாங்கி நிறையாது, அடுத்த முறை போடும் கி.மீ. கணக்கும் பொய்க்கும். ஆனால் கழுத்துவரை ஊற்றவும் கூடாது. நுவரெலியாவில் காலை 12 பாகையில் 12 லீற்றர் நிரப்பி, வெல்லவாயில் 32 பாகை வெயிலில் நிறுத்தினால் கால் லீற்றருக்குக் கிட்ட விரியும். இடையில் ஓடிக் குறைந்திருந்தால் பிரச்சினையில்லை. விளிம்புவரை நிரப்பி, ஓடாமல் வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் தவறு. ஷெட்டில் பவுசர் (பெற்றோல் கொண்டுவரும் லொறி) இறக்கிக்கொண்டிருந்தால் அடுத்த ஷெட்டுக்குப் போங்கள், நிலத்தடித் தொட்டியின் அழுக்கு அப்போதுதான் கலங்கும்.

கம்பளை_பைக்:
நன்றி அண்ணே. பெரகல இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி உருட்டினால் மிச்சமாகாதா?

காப்_ட்யூனர்:
இந்த அளவு என்ஜின் சும்மா நின்று ஓடினால் மணிக்குக் கால் லீற்றர் அளவில்தான் குடிக்கும். அந்த இறக்கத்தில் மிச்சம் மிகக் கொஞ்சம்தான். அதற்காக என்ஜின் பிரேக்கை இழக்காதீர்கள். பல்சர் இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்கட்டும். டியோவில் வேகம் மிகக் குறைந்தால் க்ளட்ச் தானாக விட்டுவிடும், வண்டி பிரேக்கை மட்டும் நம்பி உருளும். அப்போது ஒரு கணம் அக்சிலேட்டரைத் தொட்டால் மறுபடி பிடிக்கும். இரண்டு பேர் பாரத்தோடு டிரம் பிரேக்கை விடாமல் அமுக்கினால் நெடி வரும். நெடி வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.